மேடையில் ஒரு கதிரை, துணி மூடிய ஒரு படம்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் கிருபன் அவர்களே! ஆலயக் குருக்கள் ஐயா அவர்களே! எங்கள் பங்குத்தந்தை அவர்களே! ஹம் நகரத்து உறவுகளே! டோர்ட்முண்டிலிருந்தும் எசனிலிருந்தும் வந்து, ரயில் பிந்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இப்போதும் கதவடியில் நிற்கிற நண்பர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகாதேவி அக்கா, மகள் வேணுஜா, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் பிறின்சி. மறைந்த விஜயரத்தினம் அண்ணையோடு ஒரே விளம்பரப் படப்பிடிப்பு நிலையத்தில் வேலை செய்தவள். உங்கள் வீட்டுக் கடிதப்பெட்டிக்குள் வாரா வாரம் கடைக்காரர்கள் போடுகிற விலைத்தாளைப் பார்த்திருப்பீர்கள். அதிலே பாணும், பாற்கட்டியும், பொரித்த இறைச்சிச் சொசேச்சும் பளபளவென்று இருக்கும். அந்தச் சாப்பாட்டைத் தட்டில் அடுக்குவது என் வேலை. அதற்கு வெளிச்சம் போட்டுப் படம் எடுப்பது அவர் வேலை. பிறப்பிலேயே சைவம், முட்டை கூடத் தொடாத மனிதர். ஆனால் இந்த ஜேர்மனி நாட்டில் அவரளவு சொசேச்சை உற்றுப் பார்த்தவர் யார்? “பிறின்சி, உதுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவு, செத்த பாம்பு மாதிரிக் கிடக்கு” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் திருப்பிக் கொடுப்பேன். அப்படிச் சண்டை பிடித்தே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

பேச்சுக்கு முன் ஒரு விஷயம். மேடையில் என் பக்கத்தில் ஒரு மரக்கதிரை இருக்கிறது. அது சிறப்பு விருந்தினருக்கு அல்ல. சற்று முன், சென்னையிலிருந்து வந்த எங்கள் விக்னேஷ் அதில் உட்காரப் போக, நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததை நீங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தீர்கள். அதன் பக்கத்தில் ஒரு படம், துணியால் மூடியிருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் படத்தை ஏன் மூடி வைத்திருக்கிறார்கள், மாலை எங்கே, குத்துவிளக்கு மட்டும் ஏன் தனியாக எரிகிறது என்று வந்த நேரத்திலிருந்து குசுகுசுக்கிறீர்கள். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

நாம் எல்லோரும் அவரை ‘ஒளித்தூரிகை’ விஜயரத்தினம் என்று அழைத்தோம். சங்கம் கொடுத்த பட்டம். பொன்னாடை போர்த்தும்போது, “உதெல்லாம் எதுக்கு, நிலவறைக்கு ஒரு ஹீற்றர் வாங்கித் தாங்கோ” என்று ஒலிவாங்கியிலேயே கேட்ட மனிதர் அவர். அந்தப் பட்டம் வெறும் அலங்காரமா? இல்லவே இல்லை! அவர் உண்மையிலேயே வெளிச்சத்தால் வரைந்தார்.

அந்த நிலவறைக்குள் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மண்டபத்துக்குக் கீழே, ஜன்னல்களைக் கறுப்பு அட்டையால் அடைத்த ஓர் அறை. மேசையில் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கூஜா, ஒரு கைப்பிடி முருங்கைக்காய். முக்காலியில் கமெரா. விளக்கை அணைத்துவிட்டு கமெராவின் கண்ணைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். கும்மிருட்டு. பிறகு ஒருவர் சின்ன டோர்ச்சோடு உள்ளே போய், எலுமிச்சம்பழத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தடவுவார், கையாலே அல்ல, வெளிச்சத்தாலே. அடுத்தவர் கூஜாவைத் தடவுவார். வெளிச்சம் தொட்ட இடம் மட்டும் படத்தில் வரும். தொடாத இடம் இருட்டாகவே இருக்கும். கமெராவை மூடிப் பார்த்தால், அப்பப்பா! அந்த முருங்கைக்காயின் ஒவ்வொரு வரியும் எழும்பி நிற்கும்!

அந்த அறைக்குள் ஒரே ஒரு சட்டம். கறுப்பு உடுப்புப் போட வேண்டும். வெளிச்சம் பிடிக்கிறவர் கறுப்பிலே இருந்தால், கமெராவுக்கு முன்னால் நடந்தாலும் படத்தில் விழமாட்டார். வெள்ளையோ மஞ்சளோ போட்டால் வெளிச்சம் உடுப்பில் பட்டு, பேய் மாதிரி ஓர் உருவம் விழுந்துவிடும். அப்படி யாராவது விழுந்தால் அண்ணைக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். “வெளிச்சம் தெரியவேணும், ஆள் தெரியக்கூடாது! திரும்ப எடுங்கோ!” மறக்க முடியுமா அந்தக் குரலை? புதிதாக வந்தவர்கள் இருட்டில் மேசையில் இடிபட்டுத் தடுமாறினால் மட்டும் குரல் இறங்கிவிடும். “அவசரப்படாதேங்கோ. இருட்டு ஒரு இடமும் ஓடாது.”

ஞாயிறு மத்தியானங்களில் அங்கே யார்தான் வரவில்லை? தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கண் சிவந்து வந்தவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண்கள், சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர்கள். கோயிலுக்குப் போகிறவரும் என்னைப் போல் தேவாலயத்துக்குப் போகிறவரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றோம். கடை வைத்திருக்கிற இரண்டு பேர் வருஷக்கணக்காய் முகம் பார்க்காமல் இருந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், இரண்டு பேரும் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்கள். அண்ணை ஒருவருக்குக் கூஜாவைக் கொடுத்தார், மற்றவருக்கு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். இருட்டில் யார் யாருக்கு முகத்தைத் திருப்புவது? படம் வந்ததும் இருவரும் திரையில் குனிந்து பார்த்தார்கள். “உன்ர பக்கம் வெளிச்சம் கூடிப்போச்சு” என்றார் ஒருவர். “உன்ர பழம்தான் அவிஞ்சு கிடக்கு” என்றார் மற்றவர். அதுதான் அவர்கள் மறுபடி பேசிய முதல் பேச்சு. அண்ணை ஒன்றும் தெரியாதவர் போலத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர், ஒரு காலைப்பொழுதில் வேலைக்குப் புறப்பட்டு, வாசலில் குனிந்து சப்பாத்துப் போடும்போது, மாரடைப்பில் சாய்ந்துவிட்டார். எவ்வளவு கொடுமை! சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

சாவீட்டில்தான் எங்களுக்கு உறைத்தது. அவருடைய இப்போதைய படம் ஒன்றுகூட இல்லை! ஊரிலுள்ள எல்லோரையும் படம் எடுத்தவருக்கு ஒரு படம் இல்லை. கலியாண வீடு, பூப்புனித நீராட்டு, தேர்த்திருவிழா, எங்கும் கமெராவுக்குப் பின்னால் அவர். யாராவது கைபேசியைத் தூக்கினால் முகத்துக்கு முன்னால் கையை விரித்துவிடுவார். வாட்ஸ்அப்பில் கேட்டோம். வந்து குவிந்தவை என்ன? முதுகு, முழங்கை, தோசை வாயில் இருக்கும்போது எடுத்த பாதிக் காது.

வேறு வழியில்லாமல், அவருடைய ஆவுஸ்வைஸ், அதுதான் அடையாள அட்டை, அதில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். உங்களுக்குத் தெரியும், அந்த அட்டைக்குச் சிரிக்கக்கூடாது, கண்ணாடி கழற்ற வேண்டும், நேரே முறைக்க வேண்டும். மகாதேவி அக்கா மாலையைக் கையில் எடுத்தவர், படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். “உது பொலிஸ் தேடுற ஆள் மாதிரிக் கிடக்கு. உதுக்கு நான் மாலை போடமாட்டன்” என்றார். மாலையைப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டார். அழவும் இல்லை. அதுதான் எங்களை இன்னும் வாட்டியது.

பிறகு கலியாண அல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். மீசையும் பட்டுவேட்டியுமாய் நல்ல வடிவான மாப்பிள்ளை. அக்கா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது என்னைக் கட்டின பொடியன். என்னோட இருந்த மனுசன் இல்லை.” விக்னேஷ் பாவம், இராப்பகலாய்க் கம்ப்யூட்டரில் இருந்து, செயற்கை நுண்ணறிவால் ஒரு முகத்தைச் செய்து கொண்டுவந்தார். “அக்கா, கொஞ்சம் ஸ்மைல் ஆட் பண்ணிருக்கேன், பாருங்க” என்றார். அக்கா மரியாதையாகப் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா உவர் ஆர்?” விக்னேஷ் மடிக்கணினியை மூடிவிட்டார்.

கடைசியாக அக்கா என்னிடம் சொன்னார்: “பிறின்சி, மாலை போட ஒரு படம் இல்லாட்டி நான் கூட்டத்துக்கு வரமாட்டன். வந்து என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?” நியாயம்தானே? ஒரு மனைவி கேட்ட ஒரே ஒரு காரியம் அது.

எனக்கு மேசை அடுக்கத்தான் தெரியும். அதனால் அடுக்கினேன். முகம் இல்லாவிட்டால் என்ன, அவர் எங்களுக்குக் காட்டியது பொருட்களைத்தானே? இந்தக் கதிரைதான் நிலவறையில் அவர் உட்காருகிற கதிரை. அதன் முதுகில் அவருடைய கறுப்புச் சுவெற்றரைப் போட்டேன். பக்கத்துச் சின்ன மேசையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி, அவருடைய மூக்குக்கண்ணாடி. ஆளுக்கொன்றாய்ப் பிரித்தோம். கதிரைக் கால் கிருபனுக்கு, தேத்தண்ணி வேணுஜாவுக்கு, சுவெற்றர் எனக்கு, கமெரா விக்னேஷுக்கு. கண்ணாடி மட்டும் மகாதேவி அக்காவுக்கு என்று வேணுஜாதான் சொன்னா. அக்கா அந்த நிலவறைக்குள் அதுவரை கால் வைத்ததே இல்லை. ஞாயிறு தோறும் வீட்டில் ஆளில்லை என்று அந்த அறையோடு அவருக்குத் தீராத கோபம்.

வந்தார். படியிறங்கி வந்தபோதுதான் நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அக்கா வெள்ளைச் சேலையில் நின்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் ஆகவில்லை, வேறு எதைக் கட்டுவார்? அறைச் சட்டமோ கறுப்பு. வாசலில் மேலதிகமாகத் தொங்குகிற ஒரே கறுப்பு அண்ணையின் சுவெற்றர்தான், அதையும் நான் கதிரையில் போட்டுவிட்டேன். துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் உடுப்பை மாற்று என்று யார் சொல்வது? குருக்கள் ஐயா, நீங்களாவது சொல்வீர்களா? விளக்கை அணைத்தோம்.

நாங்கள் மூவரும் எங்கள் பங்கை முடித்து ஒதுங்கினோம். அக்கா டோர்ச்சோடு போனார். கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார். தடவிவிட்டு வரவேண்டியவர், வரவில்லை. அப்படியே நின்றார். இருட்டுக்குள் அவர் குரல் கேட்டது: “இதில இருந்துதானோ தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு இருந்தனீங்கள்? எனக்கு ஒருநாள் காட்டியிருக்கலாமே. நானும் கேக்கேல்லை.” அங்கேதான் அக்கா அழுதார். முதல் தடவையாக. விக்னேஷ் கமெராவை மூடவில்லை. மூடு என்று நாங்களும் சொல்லவில்லை.

படம் திரையில் வந்தது. கதிரை வந்திருக்கிறது, சுவெற்றரின் நூல் நூலாய் வந்திருக்கிறது, தேத்தண்ணி தேன் நிறத்தில் வந்திருக்கிறது. கதிரைக்குப் பக்கத்தில், வெள்ளையாய், புகை போல, குனிந்தபடி அக்கா நிற்கிறார். முகம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. ஆனால் பார்த்தவுடன் தெரியும், அக்காதான்.

விக்னேஷ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அக்கா, நீங்க ஃப்ரேம்ல வந்துட்டீங்க. இன்னொண்ணு எடுத்துடலாம். இல்லேன்னா போட்டோஷாப்ல ரிமூவ் பண்ணிடறேன், அஞ்சே நிமிஷம்.”

“ஏன் தம்பி எடுக்கிறீங்கள்? நான் அதில நிண்டனான்தானே?” என்றார் அக்கா. பிறகு மெதுவாகச் சொன்னார்: “கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா நிண்ட படம் ஒண்டும் இல்லை. இது இருக்கட்டும்.”

அவையோரே! அண்ணையின் சட்டப்படி அது பிழையான படம். இருந்திருந்தால் மண்டபம் அதிரக் கத்தியிருப்பார், திரும்ப எடுங்கோ என்று. அண்ணை, மன்னிக்க வேண்டும். எத்தனையோ முறை உங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்ப எடுத்தோம். இதைத் திரும்ப எடுக்கமாட்டோம்.

ஆனால் சிக்கல் அதோடு முடிந்ததா? படத்துக்கு மரச்சட்டம் போட்டுக் கொண்டுவந்ததும் சங்கத்துப் பெரியவர்கள் பதறிப்போனார்கள். “உயிரோட இருக்கிற ஆள் நிக்கிற படத்துக்கு மாலை போடுறதோ? ஏலாது, ஏலாது!” அவர்கள் சொன்னதும் சரிதான். நான் கிறிஸ்தவப் பெண், எனக்கே அது விளங்கியது. மாலைக்காக எடுத்த படம், மாலை போட முடியாத படமாகிவிட்டது. கிருபன் தலையில் கை வைத்தார். வேணுஜா அம்மாவைப் பார்த்தா.

அக்காதான் தீர்ப்புச் சொன்னார். “அப்ப படத்துக்கு வேண்டாம். அந்தக் கதிரையைக் கொண்டுவாங்கோ, அதுக்குப் போடுறன். அவர் அதிலதானே இருந்தவர்.” அவ்வளவுதான். உறவுகளே, இந்தக் கதிரை இங்கே இருப்பதன் காரணம் இதுதான்.

ஒளித்தூரிகை விஜயரத்தினம் அண்ணையின் பணி நின்றுவிடுமா? நின்றுவிட விடுவோமா? இந்த அவை முன்னால் சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். வரும் ஞாயிறு நிலவறை திறக்கும். அதன் பிறகு வருகிற ஞாயிறுகளிலும் திறக்கும். ஹீற்றரும் வாங்குவோம். தலைவர் தலையாட்டுகிறார், எல்லோரும் சாட்சி. வெளிச்சம் பிடிக்கிற ஒவ்வொருவரும் வருஷத்தில் ஒரு முறையாவது வந்து கமெராவுக்கு முன்னால் உட்கார வேண்டும், முகத்துக்குக் கை போடாமல். அது நாங்கள் சேர்த்துக்கொண்ட புதுச் சட்டம். இன்னொரு மனைவி இப்படி மாலையோடு நிற்கக்கூடாது.

புது உறுப்பினர் ஒருவரும் சேர்ந்திருக்கிறார். போன கிழமை என்னை அழைத்து, “பிறின்சி, அந்தச் சுவெற்றரைத் தோய்க்க வேண்டாம், அப்பிடியே தா. அதின்ர கை எனக்கு நீளம்தான். மடிச்சுப் போடுறன். ஞாயிறு எத்தனை மணிக்கு வாறது?” என்று கேட்டார் மகாதேவி அக்கா.

கிருபன், துணியை எடுங்கோ.

வேணுஜா, அந்த மாலையை அம்மாவின் கையில் கொடு. அக்கா, எழும்பி வாங்கோ. அவசரப்படாதேங்கோ. கதிரை இங்கதான் இருக்கு.