டெபாசிட் போன அன்று

பத்ரி வீட்டு டிவி எங்கள் வீட்டு டிவியைவிடப் பெரியது, சார். வாக்கு எண்ணிக்கை அன்று காலையில் நான் அங்கே போனதற்கு வேறு காரணம் கிடையாது.

ஊரப்பாக்கத்தில் எங்களுக்கு எதிரெதிர் ஃபிளாட். ஒரே இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஒன்றாகவே ரிடயர் ஆனவர்கள். அதற்குப் பிறகு தோத்தாத்ரி என்ற என் பெயரை கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும்தான் சொல்லிக் கூப்பிட்டார். என் மனைவி கீதா, ‘இந்தாங்கோ’ என்பதோடு சரி. பிறகு கட்சியில் சேர்ந்தேன். துண்டு போட்டார்கள். ஸ்கூட்டருக்கும் வாசல் கதவுக்கும் கட்சி நிறம் அடித்தேன். காலனிப் பிள்ளைகள் ‘கட்சி மாமா’ என்றார்கள். அறுபது வயதுக்கு மேல் ஒருவனுக்குப் புதிதாகப் பெயர் வைக்கிறார்கள் என்றால் சாதாரண விஷயம் இல்லை, சார்.

பத்ரி வேறு கட்சி. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அவர்கள் தலைவரைப் பற்றி வாட்ஸப்பில் ஏதோ அனுப்பினேன் என்று பேத்தியின் காதுகுத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் பட்சணம் மட்டும் வந்தது. சாப்பிட்டேன். பட்சணத்துக்குக் கட்சி கிடையாது.

அன்று அவன் மனைவி பட்டு, பொழிச்சலூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. எங்கள் வேட்பாளர் தோற்றதோடு நிற்கவில்லை, டெபாசிட்டும் போய்விட்டது.

பத்ரி சிரித்தான். “டெபாசிட்கூட தேறலையேடா. இனிமே உன்னை டெபாசிட் மாமான்னுதான் கூப்பிடணும்னு பசங்ககிட்ட சொல்லிடறேன்.”

சிரித்துக்கொண்டே இருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தான். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கையைக் காட்டினான்.

நான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்து, “ஜெயிச்சது நீங்கதான், ஒத்துக்கறேன். ஆனா நல்ல கட்சி எங்க கட்சிதான்னு ஒரே ஒரு தடவை சொல்லிடு பத்ரி, தந்துடறேன்” என்றேன்.

அவன் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. “விளையாடாதேடா. குடு.”

“சொல்லேன்.”

என்னையே பார்த்தான். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“டெபாசிட்” என்றான்.

உயிர் போகிற நேரத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். அந்த உறுதி எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இருந்திருந்தால் டெபாசிட்டாவது தப்பித்திருக்கும்.

மாத்திரையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். பக்கத்துத் தொகுதி இழுபறியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளம்பரம் வந்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வந்தவர், “இன்னா சார், கொஞ்சம் முன்னாடி கூப்ட்ருக்கக் கூடாதா?” என்று வருத்தப்பட்டார். பட்டு வந்ததும் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தது நான்தான்.

அவர்கள் மகள் சின்மயி, அப்பாவைக் கவனித்துக்கொள்வதற்காக ஹாலில் கேமரா வைத்திருந்தாள் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான். தெரிந்துதான் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும். ‘முன்விரோதம் காரணமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், சார். அரசியலை நான் ஒருநாளும் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.