மெழுகுக்குள் இருக்கும் ஆட்கள்

தலைமை தாங்கும் டொக்டர் மரியரட்ணம் அவர்களுக்கும், சுன்னாகம் வாசிகசாலையில் கூடியிருக்கும் பெரியோருக்கும், ஐயாவின் மனைவி பராசக்தி அன்ரிக்கும் என் வணக்கம். எழுதி வந்ததை வாசிக்கிறேன். சத்தம் போதாவிட்டால் பின்னால் இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தின் மூத்த நுட்பவியலாளர் அமரர் இளையதம்பி ஐயா போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பால் காலமானார். நான் அங்கே போத்தல் கழுவுகிறவள். இரண்டு வருடம் அவரோடு வேலை செய்தேன்.

பித்தப்பையில் கல் என்று ஒப்பரேசன் செய்தால் நம்மவர்கள் எதைக் கேட்பார்கள்? கல்லைக் கேட்பார்கள்! போத்தலில் போட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். பையை யார் கேட்டார்கள்? ஐயா கேட்டார். "கல்லு உங்களுக்கு, பை எனக்கு" என்பார். அதில் ஒரு துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, யன்னல் வெயிலில் நுணுக்குக்காட்டியால் பார்ப்பார். கல் மட்டும்தான் என்று நினைத்த சிலருக்குப் புற்றுநோய் தொடங்கியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

"ஒராளுக்கு உள்தோலோடை நிக்குது, மற்றாளுக்கு ஈரலுக்குப் பாயுது. ஏன்?" என்று தன்னையே கேட்பார். உடலின் நுண்கலங்களில் உள்ள ஒரு புரதம் அதற்கு அடையாளமாகலாம் என்றும், அதைக் காட்டும் சாயத்தைப் பழைய மெழுகுக் கட்டிகளிலும் போட்டுப் பார்க்கலாம் என்றும் ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தார். சாயம் இங்கே வரும்வரை கட்டிகள் இருக்க வேண்டும். இன்று அலுமாரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டிகள் இருக்கின்றன.

யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் மெழுகு வராத ஒரு மாதம், கட்டிகளைச் சீவும்போது உதிர்ந்த மெழுகை உருக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த தட்டையும் சேர்த்து உருக்கிவிட்டேன். அதில் பதினொரு கட்டிகள் இருந்தன. மெழுகைக் கண்டால் மிச்சம் பிடிக்கத்தானே பழகியிருந்தோம்!

ஐயா பானையைப் பார்த்தார்.

"பிள்ளை, உது வெறும் மெழுகில்லை. உதுக்குள்ளை ஆக்கள் இருக்கினம்."

"வேணுமெண்டு செய்யேல்லை ஐயா."

"தெரியும். அழுறதை விட்டிட்டுத் தேத்தண்ணி வடியை எடுத்துக்கொண்டு வா. இனி உன்ரை தேத்தண்ணியைச் சக்கையோடைதான் குடிக்கவேணும்."

வடித்தெடுத்த துண்டுகளை மறுபடி மெழுகில் பதித்தார். ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் பழைய கண்ணாடித் தகடுகளோடு பதினாறு நாள் ஒப்பிட்டார். ஒன்பது பேரைக் கண்டுபிடித்தார். இரண்டு பேரை எது எவருடையது என்று பிரிக்க முடியவில்லை. அந்த இருவரில் ஒருவர் பண்டத்தரிப்புப் பூரணம். பூரணம் என் அம்மா. பித்தப்பைப் புற்றுநோயால் அவர் இறந்தபிறகுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு இந்த வேலைக்கு வந்தேன்.

ஐயா என்னை ஏசினாரா? இல்லை. அலுமாரியைப் பூட்டி, அதன் திறப்பை என்னிடம் தந்தார்!

நேற்று எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான டொக்டர் மரியரட்ணம் அவர்கள் அந்தத் திறப்பைக் கேட்டார். "புது நோயாளியளுக்கு மெழுகில்லை, பழசை உருக்குவம்" என்றார். அதிலும் நியாயம் உண்டு. அதனால் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். சேர்ச்சிலும் வீட்டிலும் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டுகளைத் தாருங்கள். வடித்துச் சுத்தமாக்கத் தெரியும். ஐயா சொல்லித் தந்தவர்.

இளையதம்பி ஐயாவின் வேலையை என்னால் செய்ய முடியாது. போத்தல் கழுவுவேன். மெழுகு வடிப்பேன். சாயம் வரும்வரை அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் பத்திரமாக வைத்திருப்பேன்.

டொக்டர், மன்னிக்க வேண்டும். திறப்பை நான் தரமாட்டேன்.