வட்டைக் காவலும் சோலார் லைட்டும்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

கரடியனாறு பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவனின் மடியில், வீட்டு வளவுப் பாதைக்கு வாங்கிய சோலார் லைட் பெட்டி இருந்தது.

"ஆள் நடந்து வந்தாத்தான் எரியும் கா," என்றார் அவர் மனைவியிடம்.

"யானை நடந்து வந்தா?"

"அதுக்கும் எரியும்தானே."

"அப்ப நீங்க வயல் வட்டையில காவல் முடிச்சு இரவில வாற நேரம், வாறது நீங்களா யானையா எண்டு எனக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறக்கிறதா, பூட்டுறதா?"

"நான் கூப்பிடுவன்."

"போன மாசம் யானையைக் கண்டு, வாயைத் திறக்காம வேலியோட ஒட்டி நிண்டீங்களே."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடியுமட்டும் எரியிறதா மாத்தி எடுப்பமா?"

"அது யானைக்கும் வழி காட்டுமே."

"இப்ப என்னதான் செய்யிற?"

"நீங்க வீட்டில படுக்கிற நாளைக்கு மட்டும் லைட்டை மாட்டுவம்."

"நான் வீட்டில எண்டா பாதையால ஆர் வாறது?"

"யானைதான். அண்டைக்கு எனக்குச் சந்தேகம் வராது."

"காவலுக்குப் போற நாளைக்கு?"

"கழட்டி வைப்பன். நீங்க டோர்ச் அடிச்சுக்கொண்டு வாங்க."

அவர் "ஓம்" என்றார். பிறகு மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

கேட்டது தை மாதம். எழுதியது மாசி பத்தாம் நாள்.