சத்தமில்லாமல் இறங்க வேண்டும்

பலவேசம்: இப்ப?

லட்சுமிகாந்தம்: கேட்டுச்சு.

பலவேசம்: பொய் சொல்லாதீரும் மச்சான். எனக்கு ஒண்ணும் கேக்கல.

லட்சுமிகாந்தம்: நாப்பது வருசம் வெடி பக்கத்துல நின்ன காது அத்தான் உங்க காது. இடி விளுந்தாலும் யாரோ கதவத் தட்டுறாகன்னுதான் உங்களுக்குக் கேக்கும். நான் சொல்றேன், பிளேனு ‘டொக்’குன்னு விளுந்துச்சு. மூக்குதான்.

பலவேசம்: மூக்குல வச்சது ஒரு கடலை அளவு களிமண்ணு.

லட்சுமிகாந்தம்: கடலையா அது? நெல்லிக்கா அளவு இருக்கு.

பலவேசம்: வெயிட்டு இல்லாட்டா மூக்கத் தூக்குதே. தூக்கிட்டு நடுவழியில நின்னு யோசிக்குது. யோசிச்சு முடிச்சுட்டு வாலால வந்து விளுகுது.

லட்சுமிகாந்தம்: காலையில வாலுல குச்சிய ஒட்டினது யாரு?

பலவேசம்: ...

லட்சுமிகாந்தம்: நெசமாவே கேக்கலையா, கேக்காத மாதிரி இருக்கீகளா?

பலவேசம்: கைப்பழக்கம்வே. ராக்கெட்டுக்கு வாலுலதான குச்சி.

லட்சுமிகாந்தம்: இது பிளேனு.

பலவேசம்: தெரியுது. தெரிஞ்சு என்ன செய்ய? மேல அனுப்புறதுதான் நம்ம தொழிலு. இத்தன வருசத்துல ஒரு வியாபாரியாச்சும் ‘அண்ணாச்சி, உங்க ராக்கெட்டு எப்படி எறங்கும்’னு கேட்டிருப்பானா? எறங்குறத இப்பத்தான் மொத மொதல்ல நெனச்சுப் பாக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் பதமா எறங்குச்சு. அச்சங்குளத்துல.

லட்சுமிகாந்தம்: ஆரம்பிச்சாச்சா...

பலவேசம்: கேளும். பெரிய சைசு ராக்கெட்டு, பந்தலுக்கு மேல காயப் போட்டுருந்தோம். ஒரு காக்கா அதுல கூடு கட்டிருச்சு. யாரும் பாக்கல. சோதனைக்குன்னு ஒரு பய திரியக் கொளுத்திட்டான். கூடு அப்படியே ஏழாயிரம்பண்ணை போய் ஒரு வேப்பமரத்துல உக்காந்துச்சு. மூணு குஞ்சும் பத்திரம். தூக்கம் கூடக் கலையல.

லட்சுமிகாந்தம்: தாய்க் காக்கா?

பலவேசம்: அது பஸ்ஸுல போய்ச் சேந்துச்சு.

லட்சுமிகாந்தம்: டிக்கெட் எடுத்துச்சா?

பலவேசம்: அரை டிக்கெட்டு.

லட்சுமிகாந்தம்: எப்படி அத்தான் மூஞ்சி மாறாமச் சொல்றீக? வாயத் தொறந்தா ஒரே மூச்சுல வருது. அன்னைக்கும் இப்படித்தான...

பலவேசம்: மணி என்ன?

லட்சுமிகாந்தம்: பதினொண்ணே முக்கால். கோயமுத்தூர் பஸ்ஸு ஒண்ணரைக்கு.

பலவேசம்: அப்ப வாய மூடிட்டு வேற அட்டைய எடும்.

லட்சுமிகாந்தம்: இந்தாங்க. நம்ம அச்சாபீசு காலண்டர் வேஸ்ட்டு. நல்ல லேசு.

பலவேசம்: இதுல முருகன் இருக்காருவே.

லட்சுமிகாந்தம்: பாதி முருகன்தான். கலரு விலகிப் போச்சுன்னு கழிச்ச சீட்டு.

பலவேசம்: பாதியோ முழுசோ, இறக்கையில சாமி மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படித் தூக்கி எறியிறது? எறிஞ்சு, தரையில வேற விளுகணும். பேத்தி மிதிச்சிட்டா?

லட்சுமிகாந்தம்: சரி சரி... இது பத்திரிகை அட்டை. வெள்ளை. மஞ்சள் கூடத் தடவல. போதுமா?

பலவேசம்: இது எப்படிப் போகும் அங்க?

லட்சுமிகாந்தம்: கல்யாணப் பத்திரிகை கவருக்குள்ள. தட்டையா. கவரு என் சட்டைக்குள்ள. பையில வச்சா என் மக பாத்துருவா அத்தான். போன தடவ பால்கோவாப் பொட்டலத்த மோந்து பாக்குறா, ‘இது நீங்க வாங்குனதா, மாமா குடுத்து விட்டதா’ன்னு.

பலவேசம்: மோந்து பாத்தா தெரியுமா?

லட்சுமிகாந்தம்: உங்க மருமகளுக்குத் தெரியும். ‘மாமா கையில இருந்து ஒரு துரும்பு கூட என் வீட்டுக்குள்ள வரக்கூடாது’ன்னு சொன்னவ. பதினோரு மாசம் ஆச்சு, ஒரு சொல்லு மாத்தல.

பலவேசம்: பதினோரு மாசமும் ஒம்பது நாளும்.

லட்சுமிகாந்தம்: ...உங்க மகன் ஸ்ரீராம் என்ன சொல்றாரு?

பலவேசம்: ‘யோகி சொன்னா சரிதாம்ப்பா’ங்கான். நல்ல பய. அவங்க ஆத்தாகிட்ட நானும் அப்படித்தான் இருந்தேன். பிள்ள எப்படி இருக்கு? மீனா?

லட்சுமிகாந்தம்: நல்லாருக்கா.

பலவேசம்: பொய் சொல்றது என் வேலை மச்சான். உமக்கு வராது.

லட்சுமிகாந்தம்: ...குக்கர் விசிலுக்குக் கூடக் காதப் பொத்துறா அத்தான். போன மாசம் நான் இருக்கும்போது மேல் வீட்டுல யாரோ வாளியக் கீள போட்டுட்டாக. பிள்ள கட்டிலுக்கு அடியில போயிருச்சு. சாப்பாட்டுத் தட்ட அங்கனதான் நீட்ட வேண்டியதாப் போச்சு.

பலவேசம்: இரும்பு வாளியா?

லட்சுமிகாந்தம்: பிளாஸ்டிக்கு.

பலவேசம்: காது? அந்தக் கிழிஞ்ச எடம்?

லட்சுமிகாந்தம்: ஆறிருச்சு. எடது காதுல சின்னக் கோடு மாதிரி. கம்மல் போட்டா மறைஞ்சிரும்.

பலவேசம்: மாமன் மடியில எம்புட்டு சமத்தா உக்காந்துருந்துச்சு. ஆசாரி ஊசிய வச்சு அழுத்துறாரு... அந்த நேரம் பாத்து பத்தாயிரம் வாலா. பத்தடி தள்ளி. சிவகாசிக்காரன் வீட்டுக் காதுகுத்துன்னா ஊசியும் வெடியும் ஒண்ணா எறங்கணும்னு எவன்வே நமக்குச் சொல்லிக் குடுத்தான்?

லட்சுமிகாந்தம்: விடுங்க அத்தான்.

பலவேசம்: நம்ம கம்பெனி வாலா. நானே நின்னு பாத்துப் பின்னச் சொன்னது. ஒரு சரம் பிசகல. அன்னைக்காச்சும் நமத்துப் போயிருக்கலாம்.

லட்சுமிகாந்தம்: நான் இந்தத் தடவ யோகிகிட்ட ஒரு வார்த்தை...

பலவேசம்: வேணாம்.

லட்சுமிகாந்தம்: முழுசாக் கேளுங்க. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அந்தப் பிள்ள ‘அச்சுத் தாத்தா’ன்னு ஓடி வந்து கழுத்தக் கட்டும்போது...

பலவேசம்: கட்டுதுல்ல? போதும். மூக்கப் பாரும்வே, மணி ஆகுது.

லட்சுமிகாந்தம்: களிமண்ணே வேணாம். இங்க பாருங்க. பத்திரிகையத் தொறந்தா பிள்ளையாரு எழும்பி நிக்கிற மாதிரி மடிக்கிறோம்ல? அதே மடிப்ப மூக்குல குடுத்தா? மூணு மடிப்பு. அட்டையே வெயிட்டு. விளுந்தா உள்ள அமுங்கிக் குடுக்கும்.

பலவேசம்: மெத்தை மாதிரி.

லட்சுமிகாந்தம்: மெத்தை மாதிரி.

பலவேசம்: இம்புட்டு நேரம் ஏன்வே சொல்லல?

லட்சுமிகாந்தம்: நீங்க காக்காவ பஸ்ஸு ஏத்திக்கிட்டு இருந்தீக.

பலவேசம்: இரும்... வெரல்ல வச்சுப் பாப்போம். ம். இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால நிக்குது. இதத்தான் காலையில இருந்து தேடுனேன். ஆனா இறக்கை நெளியுதே?

லட்சுமிகாந்தம்: அட்டையில நாரு ஓடுற வாக்குன்னு ஒண்ணு இருக்கு. குறுக்க வெட்டிட்டேன். நெடுக்க வெட்டினா விறைப்பா நிக்கும். குடுங்க.

பலவேசம்: எத்தன துண்டு வருது?

லட்சுமிகாந்தம்: உடம்பு, இறக்கை, வாலு. மூணு.

பலவேசம்: பசை?

லட்சுமிகாந்தம்: கெடையாது. காடி வெட்டி விட்டுருக்கேன், சொருகினா போதும்.

பலவேசம்: நீரு மாட்டிக் குடுத்துருவீரா?

லட்சுமிகாந்தம்: அங்கதான் விசயமே இருக்கு. நான் மாட்டிக் குடுத்தா, ‘எங்க வாங்குனீகப்பா’ன்னு யோகி கேப்பா. முழிப்பேன். பிள்ளை தானா மாட்டிட்டுன்னு வைங்க, ‘அம்மா, நான் செஞ்சேன்’னு போய்க் காட்டும். மக செஞ்சத எந்த ஆத்தா குப்பையில போடுவா? யோகி குளிக்கப் போற நேரம் பாத்து கவரக் குடுத்துட்டு நான் பேப்பர் படிக்க உக்காந்துருவேன்.

பலவேசம்: மச்சான்...

லட்சுமிகாந்தம்: என்ன?

பலவேசம்: ஒண்ணுமில்ல. உமக்குள்ளயும் ஒரு திருடன் இருக்கான். சரி, ஆறு வயசுப் பிள்ள இறக்கையத் திருப்பிச் சொருகிட்டா? வால முன்னால மாட்டிட்டா?

லட்சுமிகாந்தம்: முடியாது. முன் காடி அகலம், பின் காடி ஒடுக்கம். வாலு அங்க நிக்காது, இறக்கை இங்க நுழையாது. தப்பா மாட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னாலும் மாட்ட முடியாது.

பலவேசம்: மனுசனுக்கும் இப்படிக் காடி வெட்டி அனுப்பியிருக்கலாம்.

லட்சுமிகாந்தம்: ...ஆமா அத்தான். அனுப்பியிருக்கலாம்.

பலவேசம்: குடும், நான் மாட்டுறேன். எனக்கு ஆறு வயசுன்னு வச்சுக்கோரும்.

லட்சுமிகாந்தம்: ஆறு வயசுக்கு மீசை கொஞ்சம் அதிகம்.

பலவேசம்: எண்ணும்வே.

லட்சுமிகாந்தம்: ஒண்ணு... ரெண்டு... கண்ண ஏன் மூடுறீக?

பலவேசம்: எண்ணும்.

லட்சுமிகாந்தம்: ...ஏழு, எட்டு, ஒம்பது...

பலவேசம்: முடிஞ்சது. சுத்தியல் பிடிச்ச வெரலுக்கே மாட்டுது. அது பூ மாதிரி வெரலு, அஞ்சுலயே முடிச்சிரும். சரி, நீரு அந்தச் சொவத்துப் பக்கம் திரும்பிக்கோரும். கண்ண மூடும். உம்ம காதுதான் இன்னைக்கு ஜட்ஜு. ஃபேன அணைச்சாச்சா?

லட்சுமிகாந்தம்: அணைச்சாச்சு. எறிங்க.

பலவேசம்: எறிஞ்சாச்சு.

லட்சுமிகாந்தம்: ...

பலவேசம்: ...

லட்சுமிகாந்தம்: எறிஞ்சாச்சுன்னா சொன்னீக?

பலவேசம்: எப்பவோ எறிஞ்சாச்சு.

லட்சுமிகாந்தம்: இன்னும் பறக்குதுன்னுல நெனச்சுட்டு நிக்கேன்.

பலவேசம்: திரும்பிப் பாரும். கட்டிங் மெசினு மேல உக்காந்துருக்கு.

லட்சுமிகாந்தம்: அத்தான்! மெசினு தகரம் அத்தான். தகரத்துல விளுந்து சத்தம் வரலையே!

பலவேசம்: நெசமாவா? எனக்காகச் சொல்லலையே?

லட்சுமிகாந்தம்: என் மக மேல ஆணையா. ஒரு எல உதுந்த சத்தம் கூட இல்ல. என்னத்தான், கண்ணத் தொடைக்கிறீக?

பலவேசம்: அட்டைத் தூசி. உம்ம கடையக் கூட்டுறதே இல்லையா? எடும் அத, கவருல போடும்.

லட்சுமிகாந்தம்: இருங்க... போனு. யோகி!

பலவேசம்: எடும், எடும். ஸ்பீக்கர்ல போடும். பிள்ள குரலு வந்தாலும் வரும்.

லட்சுமிகாந்தம்: மூச்சு விடக்கூடாது நீங்க. ...சொல்லு தாயி.

யோகேஸ்வரி: அப்பா, பஸ் ஸ்டாண்டு போயிட்டீகளா?

லட்சுமிகாந்தம்: இல்ல தாயி, கடையிலதான்.

யோகேஸ்வரி: ஞாயித்துக்கெளம கடையில என்னப்பா?

லட்சுமிகாந்தம்: ஒரு சின்ன... அவசரப் பத்திரிகை. முடிஞ்சது. கெளம்பிட்டேன்.

யோகேஸ்வரி: மீனா பக்கத்துல நிக்கிறா. அச்சுத் தாத்தா என்ன கொண்டு வாராருன்னு கேக்குறா.

லட்சுமிகாந்தம்: பால்கோவா. அப்புறம்... ஒரு அட்டைப் பிளேனு. சும்மா, வெளையாட.

யோகேஸ்வரி: இருங்க, என்னமோ கேக்குறா... ‘அது சத்தம் போடுமா’ங்குறா.

பலவேசம்: போடாது தாயி! சத்தமே போடாது!

லட்சுமிகாந்தம்: அத்தான்...

யோகேஸ்வரி: யாருப்பா அது?

பலவேசம்: நான் பைண்டிங் ஆளும்மா.

யோகேஸ்வரி: பைண்டிங் ஆளு பேரு என்ன?

பலவேசம்: மணிமுத்து. சொந்த ஊரு ஆமத்தூரு. எங்க ஐயாவும் பைண்டிங்தான்.

யோகேஸ்வரி: மாமா.

பலவேசம்: சொல்லும்மா.

யோகேஸ்வரி: ...மீனா, நீ உள்ள போயி டிவி பாரு. போம்மா. ...அப்பா, அந்தப் பிளேன அங்கனயே வச்சுட்டு வாங்க. எனக்குச் சண்ட போடத் தெம்பில்ல. அவ ராத்திரி முழுசாத் தூங்க ஆரம்பிச்சே ரெண்டு மாசந்தான் ஆகுது.

லட்சுமிகாந்தம்: தாயி, அது வெறும் அட்ட...

யோகேஸ்வரி: அட்டையோ தங்கமோ. எம்பிள்ள காதுல ஊசி இருக்கும்போது அந்த வாலாவப் பத்த வச்ச கையி. அந்தக் கையில இருந்து எதுவும் இந்த வீட்டுக்கு வேண்டாம்ப்பா.

பலவேசம்: சரிம்மா. வராது. நீ கோவப்படாத. மச்சான், பிளேன இங்க குடும். நீரு பஸ்ஸுக்குக் கெளம்பும். போன வையும்.

லட்சுமிகாந்தம்: வைக்க மாட்டேன்.

பலவேசம்: வையும்வே!

லட்சுமிகாந்தம்: முடியாது அத்தான். பதினோரு மாசம் வச்சுட்டேன்.

பலவேசம்: கிறுக்குத்தனம் பண்ணாதீரும்... அந்தப் பிள்ளைக்கு ஒரு தாத்தாவாச்சும் மிஞ்சணும்வே...

யோகேஸ்வரி: என்னப்பா? என்ன சொல்றாக மாமா?

லட்சுமிகாந்தம்: அப்படின்னா நானும் அந்த வீட்டுக்கு வரக்கூடாது தாயி. அன்னைக்கு நீ திரும்பிப் பாக்கும்போது வாலாவக் கொளுத்துன ஊதுபத்தி உங்க மாமா கையில இருந்துச்சு. நீ திரும்புறதுக்கு ஒரு நொடி முன்னால வரைக்கும் அது என் கையிலதான் இருந்துச்சு. அவருதான் வந்து பிடுங்கிக்கிட்டாரு.