நலம் விசாரிக்க வந்த ஆப்பிள்

எங்கள் வீட்டில் யாரும் காசு கொடுத்து ஆப்பிள் வாங்குவதில்லை. வீட்டில் ஒருவர் படுத்தால் அது தானாக வந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அரைக் கிலோ ஆப்பிள், நாலு சாத்துக்குடி, வசதியுள்ளவர்களாக இருந்தால் ஒரு ஹார்லிக்ஸ். எங்கள் பக்கத்தில் ஆப்பிளை யாரும் ஆசைக்குத் தின்பதில்லை. நன்றாக இருக்கிறவரிடம் அதை நீட்டினால், எனக்கென்ன கேடு என்று கேட்பார்.

இவ்வளவு ஆப்பிள் எங்கிருந்து வந்தது என்றுதான் நீங்களும் முதலில் கேட்டீர்கள். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். நான் அதிகம் பேசிப் பழகாதவள். நடுவில் எதுவும் கேட்காமல் இருந்தால் முழுவதும் சொல்லிவிடுவேன்.

போன ஐப்பசியில் அத்தையின் காலில் முள் ஏறியது. அத்தை என்றால் என் மாமியார், சௌந்திரம். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. விரல் வீங்கிவிட்டது. ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எடப்பாடியில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகள் நர்மதா வந்து கூட இருந்தார். மகன் வரவில்லை. மகன் அன்பரசு என் கணவர். சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு இருக்கிறார். வண்டியில் அவருக்குப் பங்கு உண்டு. அங்கே மழை பிடித்தால் போர் போட முடியாது, வண்டி நிற்கும். அப்போதுதான் ஊருக்கு வருவார். மற்ற நாளில் மாலையில் போன் வரும். "சாப்டியா? செரி, அம்மாகிட்டக் குடு" என்பார். கொடுத்துவிடுவேன்.

ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அத்தை என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. நான் வேதியியல் படித்தவள் என்பதில் அவருக்குப் பெருமை. தன் மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் என்னிடமே விட்டிருந்தார். எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. அதை நீங்கள் தேட வேண்டாம்.

கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தை இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாரக்காள் ஒரு வளைகாப்பில் எல்லோரும் கேட்கச் சொன்னார். "ஊரான் காட்டுல எல்லாம் தண்ணி வருது, உன்ற ஊட்டுக்காரன் சொந்தக் காட்டுல மட்டும் இன்னும் ஈரத்தைக் காணமே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

கணவர் மழைக்கு வந்து போன பிறகு, புரட்டாசியில் அத்தையே என்னைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிட முட்டை மிகக் குறைவாக இருக்கிறது என்றார். ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம், அதற்குள் முயற்சி செய்யுங்கள் என்றார். கணவர் கூட இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். திரும்பும்போது சங்ககிரி வரைக்கும் பேருந்துக்கு முன்னால் நாமக்கல் முட்டை லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அடுக்கடுக்காக அட்டைகள். ஓட்டுநர் ஏன் அதை முந்தவில்லை என்று தெரியவில்லை.

இதைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். நானே சொல்கிறேன் என்றேன். அத்தை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வாங்கினால் பின்னால் கம்ப்ரசர் சத்தம் கேட்கும், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். அந்தச் சத்தத்தில் எப்படிச் சொல்வது. எனக்காக வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். வரச்சொல்லிக் கேட்டாயா என்கிறீர்கள். கேட்டதில்லை.

முள் குத்திய காலோடு அத்தை வீடு திரும்பியபோது ஆப்பிளும் கூடவே வந்தது. பிரிட்ஜில் இடமில்லை. சர்க்கரைக்காரருக்கு ஒரு நாளைக்கு அரைப் பழம் போதும். மீதி மெத்தென்று ஆகத் தொடங்கியது. தூக்கிப் போட அத்தைக்கு மனம் இல்லை. "எந்தக் காஷ்மீர்லயோ காச்சது, மல்லசமுத்திரம் வந்து அழுகோணும்னு அதுக்கென்ன தலையெழுத்து சாமி" என்றார்.

என்னிடம் ஒரு ஓவன் இருந்தது. மூன்று வருடத்தில் கணவரிடம் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். போனில் பார்த்து ஆப்பிள் பை செய்யக் கற்றுக்கொண்டேன். நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டால் கறுக்கும், எலுமிச்சை பிழிந்தால் நிற்கும். படித்த படிப்பு வீட்டுக்குப் பயன்பட்டது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன். மைதாவில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்க்க வேண்டும், பிசையக் கூடாது. ஆப்பிளைப் பட்டைத் தூளோடு வதக்கி உள்ளே வைத்து, மேலே மாவை மூடி, முட்டை தடவி வேகவைக்க வேண்டும். மேல் மாவு பொன்னிறமாகும்போது வீடு முழுவதும் மணக்கும்.

அத்தை அதைப் பப்ஸ் என்றுதான் சொல்வார். "வாசம் பிரியாணியாட்டம் வருது, உள்ள பாத்தாப் பழம் இருக்குது. யாரை ஏமாத்தறதுக்கு இது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு தட்டு செய்வேன். மாரக்காளின் பேரக் குழந்தைகளுக்குச் சர்க்கரை போட்டது. அத்தைக்கு, சர்க்கரைக்காரர்கள் காபியில் போடுகிற பொடி போட்டது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

கார்த்திகையில் ஒருநாள் தட்டு மாறிவிட்டது. அது தவறுதான். அத்தை நாலு துண்டு சாப்பிட்டார், அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. மீதியையும் மறுநாள் அவரே முடித்தார். அதற்கடுத்த நாள் பேச்சு குழறியது. மறுபடி ஈரோடு. டாக்டர் பயமுறுத்தியதால் நர்மதா அண்ணி தம்பிக்குப் போன் செய்தார். அவர் விமானத்தில் கோயமுத்தூர் வந்து இறங்கினார்.

இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். மருத்துவமனை வராந்தாவில் டிபன் டப்பாவைத் திறந்து பை எடுத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "நீ செஞ்சதா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அத்தை வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் பைக்கில் திருச்செங்கோடு கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கித் தந்தார். மலை தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றோம். அப்போது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் ரிக் வண்டியில் ஏதோ பழுது என்று போன் வந்தது, போய்விட்டார்.

அந்த முறையும் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. ஆனால் அவர் எதற்கு வருவார் என்பது தெரிந்துவிட்டது.

வேதியியலில் ஒரு வகை வினை உண்டு. அதில் விளைகிற பொருளே அடுத்த வினையைத் தூண்டிவிடும். அத்தை படுத்தால் ஆப்பிள் வரும். ஆப்பிள் இருந்தால் பை செய்யலாம். பை செய்தால் அத்தை படுப்பார். அத்தை படுத்தால் அவர் வருவார். இதில் நான் வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பழம் வீட்டில் கிடந்தது. வீணாக்குவது பாவம் என்று அத்தையே சொல்லியிருந்தார்.

தை மாதம் தட்டு மாறவில்லை. ஒரு தட்டுதான் செய்தேன்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். கீழே உதிர்ந்த தூளுக்கு எறும்பு வரிசை கட்டி வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இந்த மருந்துச் சக்கரைக்கு எறும்பு வருமா?"

"பழத்துல இனிப்பு இருக்குதுல்லங்க அத்தை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் எறும்பைத் தட்டிவிட்டுக் கையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். அன்று மாலை மகனிடம் போனில் பேசியபோது எறும்பைப் பற்றிச் சொல்லவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவருக்கும் இதில் சம்மதம் இருந்தது. அவருக்கும் மகனைப் பார்க்க ஆசை இருக்காதா.

ஆறாத விரல் கறுத்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். இந்த முறை அவர் ஒரு மாதம் இருந்தார். அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பார், கட்டு மாற்றும்போது காலைப் பிடித்துக்கொள்வார். எனக்கும் உதவியாக இருந்தது. அந்த மாதம் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது.

அவர் ரயில் ஏறிய பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. அத்தை கண்டுபிடித்துவிட்டார். எதுவும் கேட்காமல், தனக்கு வந்த மாதுளையை உரித்து என் தட்டில் வைப்பார். பங்குனி தொடக்கத்தில் வந்துவிட்டது. அன்று நான் படுத்தே கிடந்தேன். அத்தை அந்தக் காலோடு அடுப்படியில் நின்று சுடுதண்ணீர் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு அவருக்கு உடம்பு தேறியது. புண் ஆறியது. செருப்புக் கடையில் சொல்லி மெத்தென்ற செருப்பு தைத்துக் கொடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு மெல்ல ஆட்டுப் பட்டி வரைக்கும் நடந்தார். இனிமேல் இனிப்பே வேண்டாம் என்று அவராகவே நிறுத்திக்கொண்டார். டாக்டர் சொன்ன வருடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மழைக்கு வருகிறேன் என்று கணவர் போனில் சொன்னார். மழைக்கு வருவார், மழை விட்டதும் போவார். போன மழைக்கும் அப்படித்தான் வந்து போனார்.

சித்திரையில் மறுபடி பை செய்தேன். தட்டில் வைத்து அத்தையிடம் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை.

"வேண்டாஞ் சாமி. மழைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான். அவன் வருவான். வந்தா நானே பேசி இங்கயே இருக்கச் சொல்றேன். அது வரைக்கும் ரெண்டு பேரும் பொறுத்துக்கலாம்."

"ஒரே ஒரு துண்டுங்க அத்தை" என்றேன்.

நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். தட்டைக் கீழே வைக்கவில்லை. வாங்கிக்கொண்டார். மறுநாளும் வாங்கிக்கொண்டார். அதற்கு மறுநாள் நான்தான் ஊட்டினேன்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்குக் கண் மங்கல், நான்தான் காலையில் போடுவேன். அந்த மூன்று நாளும் ஊசி குத்தினேன். மருந்தை அழுத்தவில்லை.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். சாவுக்கு வருகிறவர் காரியம் முடிந்ததும் திரும்பிவிடுவார். நோய்க்கு வருகிறவர்தான் தங்குவார். எனக்கு அத்தை உயிரோடு வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் கணவருக்குப் போன் செய்தேன். நானாக அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. "அம்மாளுக்கு முடியலைங்க, வாங்க" என்றேன். பார்க்கிறேன் என்றார். அத்தைக்கு மூச்சு வேகமாக வாங்கியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தால் உடனே வந்திருக்கும். ஆனால் ஈரோட்டில் ஊசி போட்டுச் சரியாக்கிவிட்டால் அவர் பயணத்தை நிறுத்திவிடுவார். அதனால் காத்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று போன் வந்தது. பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பள்ளிபாளையம் பாலத்தில் போகும்போது அத்தையின் கை என் கையில் இருந்தது. ஆற்றைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு யாரும் ஆப்பிள் கொண்டுவருவதில்லை. மாலைதான் கொண்டுவந்தார்கள்.

காரியத்துக்கு முன்னால் நர்மதா அண்ணி பிரிட்ஜைச் சுத்தம் செய்தார். ஊசி மருந்தை எடுத்து, எவ்வளவு மீதி இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கயலு, அம்மாளுக்கு ஊசி போட்டயா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். போட்டனுங்க அண்ணி என்றேன். பக்கத்தில் மீதி இருந்த ஆப்பிள் பையை எடுத்து ஒரு விள்ளல் வாயில் வைத்தார். அந்தப் பொடி போட்டால் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அவருக்கும் சர்க்கரை உண்டு, அவருக்கு அந்தக் கசப்பு தெரியும், இதில் அது இல்லை. அவர் திரும்பித் தம்பியைக் கூப்பிட்டார்.

சேலத்து டாக்டர் சொன்னதை நீங்கள்தான் அவரிடம் சொன்னீர்களாம். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்கிறீர்கள். சத்தீஸ்கருக்குத் திரும்பவில்லையா. எத்தனை நாள் இருப்பார் என்று சொன்னாரா.

சரி. ஆப்பிள். மறுபடி அதையே கேட்கிறீர்கள். ஐப்பசியில் வந்தது, தையில் வந்தது, பார்க்க வந்தவர்கள் கொடுத்தது, வீணாகக் கூடாது என்று செய்தேன். அதுதான் உண்மை. சித்திரையில் யாரும் கொண்டுவரவில்லை. வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை.

பை செய்த அன்று காலையில் பேருந்து ஏறித் திருச்செங்கோடு போனேன். சீசன் இல்லை, பெட்டியில் கொஞ்சந்தான் இருந்தது. ஒரு கிலோ கேட்டேன். கடைக்காரர் நல்லதாகப் பொறுக்கிக் கவரில் போட்டுக்கொண்டே, "ஊட்ல யாருக்குங்க உடம்பு செரியில்ல?" என்று கேட்டார்.

"எங்க அத்தைக்குங்க" என்றேன்.

நான் கிளம்பும்போது அத்தை வேலியோரம் நின்று ஆட்டுக்குக் கிளுவைத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார்.