மூடி இறுக்கமான டப்பா

சாப்பாட்டு டப்பாக்களில் மூடி ஒழுங்காகப் பொருந்துவது இப்போதெல்லாம் அபூர்வம். வாங்கின புதிதில் சரியாக இருக்கும். வெந்நீரில் நாலு தடவை கழுவினால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். அதனால்தான் பச்சை மூடி போட்ட அந்த டப்பாவை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன். நம் ஊர் ஹெல்ஷாவில் மழை இல்லாத வாரம் ஏது, சார்ஜென்ட். கல்லிடுக்கில் நாள் கணக்கில் கிடந்தாலும் அதற்குள் சொட்டுத் தண்ணீர் இறங்காது.

இந்த விளையாட்டு உங்களுக்குப் புதிது என்றீர்கள். பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஒருவர் டப்பாவை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தைக் குறிக்கும் எண்களை வெளியிடுவார். அதைக் கைக்கருவியில் போட்டால் அம்புக்குறி வழி காட்டும். கண்டுபிடித்தவர் உள்ளே கிடக்கும் சில்லறைச் சாமான்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, தன்னுடையதில் ஒன்றைப் போட்டுவிட்டு வர வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர். என் கணவர் ராய்ஸ்டன் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாங்கள் இருவரும் இதற்காகவே ஊர் ஊராகச் சுற்றினோம். நல்ல காலம் அது.

பிறகு அவருக்கு மறதி வந்தது. மகள் பெயர் போனது, கழிவறை எந்தப் பக்கம் என்பது போனது, நான் யார் என்பதும் போனது. அம்புக்குறி மட்டும் போகவில்லை. அது எப்படி என்று டாக்டருக்கே விளங்கவில்லை. கருவியைக் கையில் கொடுத்தால் மனுஷன் பழைய ஆளாகிவிடுவார். ஆகவே சனிக்கிழமைதோறும் காலையில் நானே போய் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களைக் கருவியில் போட்டுக்கொண்டு வருவேன். அதுவரை பக்கத்து வீட்டு பெர்ல் அவரைப் பார்த்துக்கொள்வாள். பழைய கம்பளி ஆலை, அதன் தண்ணீர்ச் சக்கரம் சுழன்ற குழி, சாயப்பட்டறைச் சுவர், கல்பாலம் என்று அம்பு இழுத்த பக்கமெல்லாம் அவர் போவார். பின்னால் நான் டீ ஃபிளாஸ்க்கோடு போவேன்.

டப்பாவில் அவர் போட்டதையெல்லாம் பார்த்திருந்தால் சிரிப்பீர்கள். என் மூக்குக்கண்ணாடி, என் வீட்டுச் சாவி, ஒரு தடவை பாதி கடித்த கேக். அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஒரு நாள் பாலத்தடியில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதை வைக்கிறவங்க யாரோ தங்கமான மனுஷங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"தெரியும்."

"பார்த்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க. எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. எப்பப் பாரு கதவைப் பூட்டிப் பூட்டி வைப்பா, மூஞ்சியை உம்முனு வச்சுக்குவா. அவ காதுல மட்டும் போட்டுடாதீங்க."

நான் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டில் ஒருத்தி என்றாரே, அவளை அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவள் உடுப்பு மாற்ற வந்தால் கையை முறுக்குவார். என் மணிக்கட்டு வீங்கியதை பெர்ல் பார்த்திருக்கிறாள். நான் கண் அசந்து எத்தனையோ மாதம் ஆயிற்று. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க மனுக் கொடுத்தேன். அவர் நிலைமையைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். அவள் வந்தது சனிக்கிழமை. அவரைப் பின்தொடர்ந்து மூச்சிரைக்க நடந்தாள். டப்பாவை அவர் எடுத்துக் காட்டியதும் கை தட்டினாள்.

"அடேங்கப்பா, எனக்கே வழி குழம்பிடுச்சு. இவருக்கு என்ன குறைச்சல், மாவிஸ்? நீங்க அருமையாச் சமாளிக்கிறீங்க."

இல்லத்தில் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் அவர் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. அவருக்காக நான் தேடிப் பிடித்த ஒரே சந்தோஷம் எங்கள் இருவர் தலையிலும் மண்ணைப் போட்டது. மகள் பெவர்லி போனில், "இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோம்மா" என்றாள். கோபம் வரவில்லை. வேறு என்ன சொல்வாள், பாவம்.

எனக்கு முடியவில்லை, சார்ஜென்ட். இதைவிட நல்ல வார்த்தை தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லர் ஆறு கரை தொட்டு ஓடியது. தடுப்பணைச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. கருவியில் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. பாலத்தடிக்குப் போக வேண்டிய அம்பு நடு ஆற்றுக்குப் போனது. அந்தக் காலத்தில் கம்பளி அலசிய படிக்கட்டு இருக்கிறதல்லவா, அதில் இறங்கி, தண்ணீர் தொடாத கடைசிப் படியில் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது தண்ணிக்குள்ள காட்டுதே. சரியா இருக்குமா?"

"கருவி பொய் சொல்லாது, ராய்ஸ்டன்."

"அதானே," என்றார். தொப்பியை நனையாமல் மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூட மட்டும் கை ஓடியது. பிறகுதான் கத்தினேன்.

ஊரே எனக்கு ஆறுதல் சொல்கிறது. ரொட்டிக் கடைக்காரர் காசு வாங்க மறுக்கிறார். "ஒரு எண்ணு தவறிப்போச்சு. அது யாருக்கும் நடக்கும், மாவிஸ். மனசைப் போட்டு வதைச்சுக்காத" என்கிறார். நீங்களும் சற்று முன் அதையேதான் சொன்னீர்கள். ஐந்தும் எட்டும் மேலும் கீழுமாக ஒட்டியிருக்கும் பொத்தான்கள், வயதான கண், அவசரம். நீங்கள் நல்லவர். எனக்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். பேசாமல் வெளியே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் எல்லோரும் எண்ணைப் பற்றியே கேட்கிறீர்கள். டப்பாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எண் மட்டும் தவறியிருந்தால், சரியான எண் காட்டும் இடத்தில் டப்பா இருக்க வேண்டும் அல்லவா? எட்டுக்குப் பதில் ஐந்தைப் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். பாலத்தடியில் அந்தக் கல்லிடுக்கு காலியாக இருக்கும். அன்று காலை நான் டப்பாவோடு எங்கேயும் போகவில்லை. பெர்லை வரச் சொல்லவும் இல்லை. டப்பா எங்கள் சமையலறையில், தட்டு வடிய வைக்கும் சட்டத்தில் கவிழ்ந்திருக்கிறது. முதல் நாளே கழுவி வைத்துவிட்டேன். அந்த மாதிரி மூடி இனிமேல் கிடைக்காது. வெள்ளத்தோடு போய்விடுமோ என்று பயமாக இருந்தது.