அப்பா போனில் வந்த விளம்பரம்

"ஹிஸ்டரிய அழிச்சிட்டேன்டி. வெளம்பரத்த எப்படி அழிக்கிறது?"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் மாலைப் பேருந்து. என் முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். கேட்டவள் ஜன்னலோரம் இருந்தாள்.

"எதுல தேடுன?"

"எங்கப்பா போன்ல. என்னுதுல நெட்டு தீந்துபோச்சு. ரெஜிஸ்டர் மேரேஜுக்கு இன்னா இன்னா வேணும்னு ஒரே வாட்டிதான் பாத்தேன்."

"லூசாடி நீ?"

"இப்ப அவரு பேஸ்புக்கத் தொறந்தாலே, 'பெற்றோர் சம்மதம் தேவையில்லை, ஒரே நாளில் திருமணம்'னு வக்கீல் வெளம்பரம் வருது. நெலத்துல போட்ட மல்லாட்டைக்கு வெல பாத்துக்கினு இருந்தவரு, எனக்கு எதுக்குடா இது வருதுன்னு அண்ணன்கிட்ட கேட்டாரு."

"அண்ணன் இன்னா சொல்லிச்சு?"

"இந்த போன்ல எதத் தேடுறமோ அதான் வரும்னு சொல்லிச்சு. காலைலேர்ந்து ரெண்டு பேரும் எங்கிட்ட பேசல."

கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றது. எழுந்தவள் வெளியே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பாவும் அண்ணனும் நிக்கிறாங்கடி. என்னைக் கூட்டிக்கினு போக ஒருநாளும் வந்ததில்ல."

"எறங்காதடி. எங்க வீட்டுக்கு வந்துடு."

"யாரும்மா கூட்டேரிப்பட்டு? ஜல்தி எறங்கு" என்றார் கண்டக்டர்.

அவள் தன் போனைத் தோழியின் மடியில் வைத்தாள்.

"இதுல அவன் நம்பர் இருக்குது. ஊரவிட்டுப் போயிடச் சொல்லு."

சொல்லிவிட்டு இறங்கினாள்.